ஊன்றலாம் என்றால் எவ்வளவு ஊன்றலாம்?

படிகள் முடிந்துவிட்டன என்று நினைத்து வைத்த அடி, மிச்சமிருந்த ஒரு படியின் விளிம்பில் பாதியாக விழுந்தது. வலது பாதம் உள்பக்கமாக மடங்கியது. அதன்மேல் என் முழு எடையும் இறங்கியது. பாதத்தின் வெளி விளிம்பில் காய்ந்த குச்சி முறிவதைப் போன்ற ஓசை எனக்கே கேட்டது. ஆனாலும் எழுந்து நிற்க முடிந்ததால், எலும்பு முறிந்திருந்தால் நிற்கவே முடியாது என்ற பழைய நம்பிக்கையில், அதை வெறும் சுளுக்கு என்று முடிவு செய்து இரண்டு நாட்கள் நொண்டிக்கொண்டே வேலைக்குப் போனேன். இந்தக் கதையில் நான் செய்த முதல் தவறு அதுதான். பாத எலும்பு முறிந்தவர்களில் பலரால் சில அடிகளாவது நடக்க முடியும். சுண்டு விரலுக்கு நேராகப் பின்னோக்கிப் போகும் எலும்பின் அடிப்பகுதி, பாதத்தின் வெளிப்புறத்தின் நடுவில் ஒரு முண்டாகக் கைக்குத் தட்டுப்படும். அந்த முண்டை அழுத்தினால் உயிர் போகிறது என்றாலோ, அடிபட்ட உடனேயோ பிறகோ நான்கு அடிகள்கூட எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, எக்ஸ்ரே எடுக்காமல் சுளுக்கு என்று சொல்லிக்கொள்வது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வதாகும்.

மூன்றாம் நாள் எடுத்த படத்தில், ஐந்தாவது மெட்டாடார்சல் எனப்படும் அதே எலும்பின் அடிப்பகுதிக்குச் சற்று முன்னால் குறுக்காக ஒரு கோடு தெரிந்தது. மருத்துவர் முழங்காலுக்குக் கீழ் மாவுக்கட்டுப் போட்டுவிட்டு, "ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது, அப்புறம் பார்க்கலாம்" என்றார். நான் தலையாட்டினேன். ஊன்றவே கூடாதா, தரையில் பாதத்தைத் தொட்டு வைக்கலாமா, உட்கார்ந்திருக்கும்போது கட்டைத் தரையில் வைத்தால் பரவாயில்லையா என்று எதையும் கேட்கத் தோன்றவில்லை. ஆறு வாரம் என்ற எண் மட்டுமே என் காதில் நின்றது. அலுவலகத்தில் அந்த ஆறு வாரத்துக்குத்தான் விடுப்பும் எழுதிக் கொடுத்தேன். கடைசியில் நான் இரண்டு கால்களிலும் செருப்பணிந்து ஒழுங்காக நடந்தது இருபதாவது வாரத்தில். விடுப்பெல்லாம் தீர்ந்து, இரண்டு மாதங்களுக்கு மேல் ஊதியமில்லாமல் வீட்டில் இருந்தேன்.

ஊன்றுகோல் எனக்கு யாரும் சொல்லித் தராத கலையாக இருந்தது. கடையில் கொடுத்த உயரத்திலேயே அதை எடுத்து வந்து, இரண்டு அக்குள்களையும் அதன்மேல் சாய்த்துத் தொங்கியபடியே நான்கு நாட்கள் நடந்தேன். ஐந்தாம் நாள் காலையில் வலது கையின் புறங்கை மரத்துப் போயிருந்தது. மணிக்கட்டை மேலே தூக்குவதற்கே சிரமமாக இருந்தது. அக்குளின் வழியாகச் செல்லும் நரம்பு அழுந்தியதன் விளைவு அது என்று பிறகு தெரிந்துகொண்டேன். நல்லவேளையாகச் சில நாட்களில் சரியாகிவிட்டது. ஊன்றுகோலின் மேல்முனைக்கும் அக்குளுக்கும் இடையே இரண்டு மூன்று விரல்கள் நுழையும் இடைவெளி இருக்க வேண்டும்; கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தில் கைப்பிடி இருக்க வேண்டும்; பிடிக்கும்போது முழங்கை சற்றே மடங்கியிருக்க வேண்டும். எடை முழுவதையும் தாங்க வேண்டியவை உள்ளங்கைகளே தவிர அக்குள்கள் அல்ல. மேல்முனை விலாப்பக்கம் ஒட்டி நிற்பதற்கு மட்டுமே. அடிமுனையில் இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டால் ஈரத் தரையில் வழுக்கும் என்பதை நான் குளியலறை வாசலில் விழப்போன அன்று கற்றேன். படிகளில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஊன்றுகோல்களும் அடிபட்ட காலும் முதலில் என்ற வரிசை மாறவே கூடாது. கைப்பிடிச் சுவர் இருந்தால் ஒரு கை அதற்குத்தான். துணிவு வராத நாட்களில் உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினேன். அதில் வெட்கப்பட எதுவுமில்லை.

தனியாக இருப்பவருக்கு இன்னொரு கஷ்டம் உண்டு. இரண்டு கைகளும் ஊன்றுகோலில் இருந்தால், ஒரு குவளைத் தண்ணீரை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கொண்டுபோக முடியாது. முதல் வாரத்தில் இதை நினைத்து ஒருநாள் அழுதே விட்டேன். பிறகு, முதுகில் மாட்டும் பை ஒன்றும் மூடியுள்ள குப்பி ஒன்றும் அந்தப் பிரச்சினையைத் தீர்த்துவிட்டன. குளிப்பதற்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கட்டுக்கு மேல் ஒரு நீர்புகாத உறை, படுக்கையில் காலை நெஞ்சுக்கு மேல் உயர்த்தி வைக்க இரண்டு தலையணைகள் ஆகியவை முதல் நாளே இருந்திருந்தால் பாதி வேதனை குறைந்திருக்கும்.

மூன்றாவது வாரத்தில்தான் நான் பெரிய தவறு செய்தேன். தெரிந்தவர் ஒருவர் தொலைபேசியில் நலம் விசாரித்தபோது, தனக்கும் முன்பு அதே எலும்புதான் முறிந்தது என்றும், வாக்கிங் பூட் (கட்டுக்குப் பதிலாக மாட்டிக் கழற்றும் தடித்த காலணி) அணிந்து மூன்றாம் நாளிலிருந்தே நடந்ததாகவும், ஒன்றரை மாதத்தில் எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவே நான், ஊன்றுகோல் இல்லாமல் மாவுக்கட்டோடு சமையலறைக்கும் படுக்கைக்குமாக நடக்கத் தொடங்கினேன். பெரிதாக வலிக்கவில்லை என்பதால் அது தவறாகவும் தெரியவில்லை. ஆறாவது வாரம் கட்டைப் பிரித்துப் படம் எடுத்தபோது, கோடு முதல் நாள் இருந்தது போலவே கறுப்பாக இருந்தது. மருத்துவர் படத்தை வெளிச்சத்தில் பிடித்தபடி, "இடையில் ஊன்றினீர்களா?" என்று கேட்டார். நான் ஒரு கணம் யோசித்துவிட்டு உண்மையைச் சொன்னேன்.

அன்று அவர் விளக்கியதை முதல் நாளே யாராவது விளக்கியிருக்கலாம். ஒரே எலும்பின் அடிப்பகுதியில், ஓரிரு சென்டிமீட்டர் இடைவெளிக்குள், வெவ்வேறு தன்மையுள்ள முறிவுகள் ஏற்படுகின்றன. நுனியில் இருக்கும் முண்டு தசைநார் இழுத்ததால் பெயர்ந்து வந்தால், அது பெரும்பாலும் தானாகவே ஒட்டிக்கொள்ளும். வலி பொறுக்கும் அளவுக்கு ஊன்றி நடக்கலாம் என்றே பலருக்கும் சொல்லப்படுகிறது. தொலைபேசியில் பேசியவருக்கு ஏற்பட்டது அந்த வகை. அதற்குச் சற்று முன்னால் குறுக்காக விழும் முறிவுக்கு ஜோன்ஸ் முறிவு என்று பெயர். ராபர்ட் ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் நடனமாடும்போது தன் பாதத்திலேயே அடிபட்டுக்கொண்டு, 1902ஆம் ஆண்டில் அதைப் பற்றி எழுதினார். இந்த இடத்துக்கு முன்னும் பின்னுமாக இரண்டு பக்கங்களிலிருந்து ரத்தக் குழாய்கள் வருகின்றன; இரண்டுமே இங்கே வந்து சேரும்போது மெலிந்துவிடுகின்றன. இரண்டு வாய்க்கால்களுக்கும் கடைமடையாக இருக்கும் வயலைப் போன்றது அது. தண்ணீர் வரும், ஆனால் தாமதமாகவும் குறைவாகவும் வரும். அதனால்தான் அந்த முறிவு ஒட்டத் தாமதமாகும், சிலருக்கு ஒட்டாமலேயே போகும். அதனால்தான் அங்கே தொடக்கத்தில் எடை ஏற்றக் கூடாது என்று பல மருத்துவர்கள் கண்டிப்பாக இருக்கிறார்கள். நான் ஊன்றாமல் இருந்திருந்தால் ஆறு வாரத்தில் ஒட்டியிருக்குமா என்று கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் நீங்கள் அதற்கு உதவி செய்யவில்லை என்றார். அந்தப் பதில் நியாயமானதாகவே எனக்குப் பட்டது. எலும்பின் பெயர் ஒன்றாக இருப்பதால் விதியும் ஒன்றாக இருக்கும் என்று நினைத்ததுதான் என் தவறு. உங்களுக்கு முறிந்தது எந்த எலும்பு என்பதோடு, அதில் எந்த இடம், விலகியிருக்கிறதா, மூட்டுக்குள் போயிருக்கிறதா என்பவற்றையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறரின் அனுபவம், இந்தக் கட்டுரையும் சேர்த்துத்தான், அந்தச் சீட்டுக்குப் பிறகே வர வேண்டும்.

எலும்புக்குள் ஒரு திருகாணியைச் செலுத்தி இறுக்கும் அறுவைச் சிகிச்சையும் செய்யலாம் என்று மருத்துவர் சொன்னார். விளையாட்டு வீரர்களுக்கும், விரைவில் வேலைக்குத் திரும்ப வேண்டியவர்களுக்கும் முதலிலேயே அதைச் செய்வதுண்டு என்றும் விளக்கினார். நான் பயந்து, இன்னும் ஐந்து வாரம் பொறுத்துப் பார்க்கிறேன் என்றேன். அந்த ஐந்து வாரங்கள் முதல் ஆறு வாரங்களைவிடக் கொடுமையாக இருந்தன, ஏனென்றால் இம்முறை முடியும் நாள் எது என்று எனக்குத் தெரியாது. இடையில் ஒருநாள் கட்டுக்குள் கெண்டைக்கால் கல்லைப் போல இறுகி வலித்தது. அசையாமல் கிடக்கும் காலில் ரத்தம் உறைந்து கட்டியாகலாம் என்று கேள்விப்பட்டிருந்ததால் உடனே போய்க் காட்டினேன், ஸ்கேனில் ஒன்றுமில்லை. வீணாக ஓடினேன் என்று நான் அதை நினைக்கவில்லை. கெண்டைக்காலில் புதிதாக வலியோ வீக்கமோ வந்தாலும், திடீரென மூச்சு வாங்கினாலும், நெஞ்சு வலித்தாலும், கட்டுக்கு வெளியே தெரியும் விரல்கள் நீலமாகவோ மரத்தோ போனாலும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பதினோராவது வாரத்துப் படத்தில் கோடு மங்கி, அதைச் சுற்றிலும் புகை படிந்ததைப் போலப் புதிய எலும்பு தெரிந்தது. கட்டைக் கழற்றி, வாக்கிங் பூட் மாட்டிவிட்டு, "இனி மெல்ல மெல்ல ஊன்றலாம்" என்றார்கள். என்னை அடுத்து அலைக்கழித்தது அந்த "மெல்ல மெல்ல" தான். மெல்ல என்றால் எவ்வளவு, எத்தனை நாளில் எவ்வளவு கூட்டுவது என்று அப்போதும் நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த மகிழ்ச்சியில் ஒரே மூச்சில் இருபது நிமிடம் நடந்தேன். மாலைக்குள் பாதம் ஊதி, தோல் பளபளவென்று இறுகி, இரவு முழுவதும் விண்விண்ணென்று தெறித்தது. மறுபடியும் முறித்துக்கொண்டேன் என்ற பயத்தில் அடுத்த மூன்று வாரம் காலைத் தரையில் வைக்கவே இல்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. திட்டுவார்களே என்று பயம். பிறகு படம் எடுத்தபோது எலும்புக்கு எதுவும் ஆகியிருக்கவில்லை; மாறாக, கெண்டைக்கால் மற்றக் காலைவிட மூன்று சென்டிமீட்டர் மெலிந்திருந்தது, கணுக்கால் கதவுக்கீல் துருப்பிடித்ததைப் போல இறுகியிருந்தது. முதல்முறை அவசரத்தால் இழந்த வாரங்களுக்கு இணையாகப் பயத்தாலும் இழந்தேன். எலும்பு தன்மேல் ஏறும் சுமைக்கு ஏற்பவே தன்னை வலுப்படுத்திக்கொள்ளும் என்பதை ஜூலியஸ் வுல்ஃப் என்ற ஜெர்மானிய மருத்துவர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். ஒட்டத் தொடங்கிய எலும்புக்கு உரிய நேரத்தில் உரிய அளவு எடை மருந்து போன்றது, அதை நிறுத்திவைப்பதும் குறைபாடுதான் என்று பிசியோதெரபிஸ்ட் எனக்கு விளக்கினார்.

ஊன்றுவது என்பது ஒரே செயல் அல்ல, அது பல படிகள் கொண்ட ஏணி என்பதை அவரிடம்தான் கற்றேன். அறவே ஊன்றாமை முதல் படி. சமநிலைக்காக விரல்நுனியைத் தரையில் தொட்டு மட்டும் வைப்பது அடுத்தது. பிறகு உடல் எடையில் கால்பங்கு, அரைப்பங்கு, முக்கால்பங்கு என்று பகுதி எடை. அதன்பின் வலி பொறுக்கும் அளவு. கடைசியில் முழு எடை. எந்தப் படியில் இருக்கிறோம், அடுத்த படிக்கு எப்போது என்று கேட்டால் மருத்துவர்கள் சொல்லிவிடுவார்கள். நான் கேட்கவில்லை, அவர்களும் அவசரத்தில் சொல்லவில்லை.

எனது எடை 68 கிலோ. ஆகவே கால்பங்கு என்பது 17 கிலோ. அந்த 17 கிலோ எப்படி இருக்கும் என்று காலுக்குக் கற்றுக்கொடுக்க, வீட்டில் எடை பார்க்கும் சாதாரண இயந்திரம் போதும் என்றார். அதை வலது பாதத்துக்குக் கீழே வைத்தேன். இடது பாதத்துக்குக் கீழே அதே உயரத்துக்குப் பழைய புத்தகங்களை அடுக்கினேன். இல்லாவிட்டால் இடுப்பு சாய்ந்து கணக்கு தப்பிவிடும். இரண்டு பக்கமும் ஊன்றுகோல்களைப் பிடித்துக்கொண்டு, முள் 17ஐத் தொடும்வரை மெதுவாக அழுத்திப் பத்து எண்ணும்வரை நிறுத்தினேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதே அளவு அழுத்திவிட்டுக் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும். முதல்முறை 31 காட்டியது. அடுத்தமுறை பயந்து அழுத்தியதில் 9. அதற்கடுத்து 24. வெறும் ஊகத்தில் நான் எவ்வளவு தவறாக ஊன்றிக்கொண்டிருந்தேன் என்பதை அந்த முள் சொன்னது. இரண்டு நாட்களில் இரண்டு மூன்று கிலோ வித்தியாசத்துக்குள் வந்துவிட்டேன். நின்று அழுத்துவதைவிட நடக்கும்போது பாதத்தில் ஏறும் எடை கூடுதலாகவே இருக்கும் என்பதால், முதல் நாட்களில் சொன்ன அளவுக்குச் சற்றுக் கீழேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். ஊன்றுகோல்களும் அடிபட்ட காலும் சேர்ந்து முன்னால் போக வேண்டும், பிறகு நல்ல கால். குதிகால் முதலில் படிந்து, பாதம் உருண்டு, விரல்களில் முடிய வேண்டும். பாதத்தை வெளிப்பக்கம் திருப்பி மரக்கட்டையைப் போல எடுத்து வைத்தால் அந்த நடையே பழகிவிடும்.

ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய ஒரு வாரம் இருந்தேன். ஏறுவதா இறங்குவதா என்பதை முடிவு செய்ய அவர் கொடுத்த அளவுகோல் எளிமையானது. பத்துக்கு மூன்று அளவுள்ள வலி, ஊன்றும்போது வந்து ஓய்வெடுத்தால் தணிந்து, மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் தொடரலாம். முறிந்த அதே இடத்தில் கூர்மையாகக் குத்தினாலும், வலி இரவில் எழுப்பினாலும், காலையில் எழும்போதே வீக்கம் வடியாமல் இருந்தாலும், ஒரு படி இறங்கி இரண்டு நாட்கள் அங்கேயே இருக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். மாலையில் பாதம் ஊதுவதும், தொங்கவிட்டால் சிவந்து ஊதாவாகத் தெரிவதும் எனக்குப் பல வாரங்கள் நீடித்தன. இதை முன்பே தெரிந்திருந்தால் அந்த மூன்று வாரப் பயம் எனக்கு வந்திருக்காது. முறிந்த இடத்தைவிட உள்ளங்காலும் குதிகாலும்தான் அப்போது அதிகமாக வலித்தன. மூன்று மாதம் தரையே படாத தோல், செதில் செதிலாக உரிந்து, பாய் விரிப்பின் நெசவைக்கூடத் தாங்க மாட்டேன் என்றது. முதலில் மென்மையான துணியாலும் பிறகு சொரசொரப்பான துண்டாலும் தினமும் தேய்த்துத்தான் அதைப் பழக்கினேன்.

வாக்கிங் பூட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதன் அடிப்பாகம் தடிமனானது. அதை அணிந்த கால் மற்றக் காலைவிட உயரமாகிவிடும். இரண்டே வாரத்தில் எனக்கு இடது இடுப்பும் கீழ்முதுகும் பிடித்துக்கொண்டன. இடது காலுக்குத் தடித்த அடியுள்ள காலணியை அணிந்ததும் வலி அடங்கியது. முதலில் வாங்கிய பூட் அளவு பெரியதாக இருந்து குதிகால் உள்ளே ஏறி இறங்கியதால், இன்னொன்று வாங்க வேண்டியதாயிற்று. வீக்கம் இருக்கும் மாலை நேரத்தில், காலுறையோடு போட்டுப் பார்த்து வாங்கியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். இரண்டு ஊன்றுகோல்களிலிருந்து ஒன்றுக்கு மாறும்போது, அந்த ஒன்றை அடிபட்ட காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும் என்பதும் எனக்குத் தலைகீழாகத் தோன்றியது. பிடித்துப் பார்த்தால்தான் அதன் நியாயம் புரியும். பூட்டிலிருந்து காலணிக்கு மாறியதும் ஒரே நாளில் நடக்கவில்லை. முதலில் வீட்டுக்குள் ஒரு மணி நேரம், பிறகு இரண்டு மணி நேரம், வெளியே போகும்போது பூட் என்று இரண்டு வாரம் போயிற்று. அடிப்பாகம் எளிதில் மடங்காத காலணியாகப் பார்த்து வாங்கியது உதவியது. அடிபட்டது வலது பாதம் என்பதால், பிரேக்கைத் திடுக்கென்று முழு வலிமையோடு மிதிக்க முடியும் என்ற நிலை வரும்வரை வண்டியைத் தொடவில்லை.

இப்போது மருத்துவரிடம் போகும்போது கேள்விகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகிறேன். எத்தனை கிலோ, எத்தனை நாள், தூங்கும்போது பூட்டைக் கழற்றலாமா, எந்த அறிகுறி வந்தால் அழைக்க வேண்டும், அடுத்த படம் எப்போது என்று வரிசையாகக் கேட்கும்போது முதலில் கூச்சமாக இருந்தது. அந்த மருத்துவரோ, தாளை வாங்கி ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே எண்ணை எழுதிக் கொடுத்தார். முழுதாக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

ஆறாவது மாதம் முடிகிறது. சமதரையில் நொண்டுவதில்லை, கரடுமுரடான தரையிலும் இறக்கத்திலும் மட்டும் கால் தானாகவே எச்சரிக்கையாகிறது. தினமும் காலையில் சுவரில் விரல்களை ஊன்றி, ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்கிப் பயிற்சி செய்கிறேன். இடது கால் 25 முறை தூக்குகிறது. வலது கால் போன மாதம் ஒருமுறைகூடத் தூக்கவில்லை. இன்று காலையில் 11 முறை தூக்கியது, பன்னிரண்டாவதில் நடுங்கி இறங்கிவிட்டது.